ள தெரிந்த கை

முதல் ஆறு மாதம் என் கையில் பிரஷ்ஷே கொடுக்கவில்லை. பழைய போர்டைச் சுரண்டுவதுதான் வேலை. 1967இல், எனக்குப் பதினான்கு வயதில், மாட்டுங்காவில் ஒரு போர்டுக் கடையில் அப்பா கொண்டுபோய் விட்டார். தாராவியில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று அவர் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். "இவன் கையாவது வேகாம இருக்கட்டும் மாஸ்டர்" என்று அரைகுறை மராத்தியில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சுரண்டுவது லேசான வேலை இல்லை. காஸ்டிக் சோடாத் தண்ணீரைத் தடவி ஊறவிட்டு, தகட்டை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். பெயின்ட் பட்டை பட்டையாக உரியும். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி கலந்த சிவப்பு. ஒவ்வொரு பட்டையிலும் வேறு எழுத்து இருக்கும். கடை எத்தனை கை மாறியது, எந்த வருஷம் யாருக்குப் பயந்தது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். வெள்ளைக்காரன் போன பிறகு என்னென்ன கொள்கைகள் இந்த ஊரைப் பிடித்து ஆட்டின என்று கேட்டால், எனக்குத் தெரிந்த போர்டு வழியில்தான் என்னால் சொல்ல முடியும்.

மாஸ்டர் ரத்னகிரிக்காரர். நான் சேருவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1966 ஜூன் 19 அன்று, பால் தாக்கரே சிவசேனையை ஆரம்பித்திருந்தார். தாக்கரே கார்ட்டூன் போட்டவர். பிரஷ் பிடித்த கை என்பதில் மாஸ்டருக்குப் பெருமை. ‘மார்மிக்’ வாரப் பத்திரிகையைக் கடையிலேயே சத்தமாக வாசிப்பார். எந்தெந்தக் கம்பெனியில் எத்தனை தென்னிந்தியர்கள் உத்தியோகத்தில் இருக்கிறார்கள் என்று அதில் பெயர்ப் பட்டியல் வரும். ஐயர், ராவ், நாயர் என்று அடுக்கிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டே நான் தகரம் சுரண்டுவேன். எங்கள் அப்பா மாதிரி ஆட்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. தோல் ஷாப்பில் யார் வேலையையும் யாரும் பிடுங்கவில்லையே. ஆனால் தெருவில் அடி விழும்போது ஐயருக்கும் எங்களுக்கும் ஒரே பெயர்தான், ‘மதராசி’.

மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தங்கை மகன் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு மூன்று வருஷம் வேலை இல்லாமல் திரிந்தான். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. பம்பாய்க்காக நூறு பேருக்கு மேல் உயிரைக் கொடுத்துத்தான் அது பிறந்தது. அப்படி வாங்கிய ஊரில் தன் வீட்டுப் பையனுக்கு ஒரு நாற்காலி இல்லை என்றால் வயிறு எரியத்தானே செய்யும். அந்த எரிச்சலை யார் பக்கம் திருப்பினார்கள் என்பதுதான் வேறு கதை.

ஒரு நாள் ராத்திரி, எங்கள் ஊர்ப் பக்கத்து மெஸ்காரர் ஒருவர் போர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியெல்லாம் உடைத்துவிட்டார்களாம். தமிழை எடுத்துவிட வேண்டும். கடையில் தமிழ் எழுத்து எழுதுவதற்கென்று நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நான் தகட்டை எடுத்தேன். "ஏலே, சுரண்டாத. மேல ஒரு கோட்டு அடி போதும். எழுத்து உள்ளயே கெடக்கட்டும்" என்றார். அவர் எழுதிய எழுத்து அது. வெள்ளை பிரைமர் அடித்தேன். ஒரு கோட்டில் மறையவில்லை. எழுத்தின் மேடு தெரிந்தது. இரண்டாவது கோட்டும் அடித்தேன். அதன்மேல் மாஸ்டர் மராத்தியில் எழுதினார். காலையில் மெஸ் திறந்தது.

அண்ணாச்சியிடம்தான் தமிழ் எழுதக் கற்றேன். தாராவியில் அப்போது ஒரே தெருவில் இரண்டு தமிழ் இருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் போர்டு சொன்னால் ‘லை’யைத் துதிக்கை வைத்து எழுத வேண்டும். ‘னா’, ‘ணா’, ‘றா’ எல்லாம் காலைச் சுழித்து உள்ளே மடக்க வேண்டும். கறுப்புச் சட்டைத் தோழர்கள் வந்தால் துதிக்கை கூடாது. ‘மை’க்கு எழுதுகிற மாதிரி நேராகக் கொம்பு போட வேண்டும். பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் எழுதிவந்த எழுத்து அது. ‘விடுதலை’ என்ற பெயரை எழுதச் சொன்னால் கடைசி எழுத்தில் கை நின்றுவிடும். யார் கேட்டது என்று பார்த்துக்கொண்டுதான் தொடருவேன். ஒருவர் வாயைத் திறக்காமலே அவர் கட்சி எது என்று ஒரு ‘லை’யில் தெரிந்துவிடும். பம்பாய்க்கும் பெரியார் கட்சிக்கும் உறவு பழையது. 1940 ஜனவரியில் பெரியார் இங்கே வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்ததைத் தாராவிப் பெரியவர்கள் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதிமூன்று எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. கொஞ்ச காலத்தில் கோயில் போர்டிலும் துதிக்கை போய்விட்டது. கொள்கை ஜெயித்துவிட்டால் அது கொள்கையாகவே தெரியாது, வெறும் எழுத்தாகிவிடும். என் பேரப் பிள்ளையிடம் பழைய ‘னை’யை எழுதிக் காட்டினால் "இது என்ன தாத்தா, யானையா?" என்கிறான்.

1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையப் போர்டில் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தாரே கலைஞர், அதை அண்ணாச்சி எனக்குச் சொன்ன விதமே தனி. "ஒரு போர்டுக்காகத்தாம்ல உசுரு போச்சு" என்பார். நாம் செய்யும் வேலை வயிற்றுப்பாட்டு வேலை மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

1974இல் உல்லாஸ்நகருக்கு வந்தேன். கேம்ப் நம்பர் 4இல் அக்கா வீட்டுக்காரர் இருந்தார், வாடகை மலிவு. அங்கே முகவரியே விசித்திரமாக இருக்கும். தெருப் பெயர் இல்லை; பேரக் நம்பர், செக்‌ஷன் நம்பர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைத் தங்க வைக்க வெள்ளைக்காரன் கட்டிய கல்யாண் கேம்ப் அது. 1947க்குப் பிறகு கராச்சியிலிருந்து கப்பலில் வந்த சிந்திக்காரர்களை அங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு லட்சத்தை நெருங்கும் ஜனம். சிப்பாய் கொட்டகையில் சாக்குத் துணியைத் தொங்கவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்து அடிக்கல் நாட்டினார். உல்லாஸ் நதியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அந்த ராஜாஜிதான். 1960களில் இந்தித் திணிப்பு வேண்டாம் என்று கடுமையாக எழுதியவரும் அவர்தான். ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே கொள்கை இப்படித் திரும்பும் என்றால் ஊர் திரும்பாதா?

அங்கே எனக்கு முதலில் வந்த பெரிய வேலை ஒரு துணிக்கடை போர்டு. முதலாளி ஷிகார்ப்பூர்க்காரர், அறுபது வயதிருக்கும். "அண்ணா, மேலே சிந்தி, கீழே இங்கிலீஷ்" என்றார். பம்பாயில் எங்கள் ஆட்கள் எல்லோருமே அண்ணாதான், தம்பியாக இருந்தாலும். சிந்தி என்றால் அரபு எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பக்கத்துக் கடையில் கணக்கு எழுதிய முன்ஷி ஒருவரிடம் அனுப்பினார். "சாயீன்" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம், டீக்குக்கூடக் காசு வாங்காமல், சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

சிந்திக்கு 52 எழுத்து. அரபியில் இல்லாத ஒலிகளுக்கெல்லாம் புள்ளியைக் கூட்டிச் செய்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு புள்ளி வரைக்கும் போகும். இரண்டு புள்ளியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் எழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் வேறு எழுத்து. வலமிருந்து இடமாக இழுக்கும்போது என் கை முட்டியது. எழுதிய ஈரத்தின்மேலேயே உள்ளங்கை போய் விழும். கையைத் தாங்கும் குச்சியை இடப்பக்கம் மாற்றிப் பிடித்துப் பழக ஒரு மாதம் ஆயிற்று. புள்ளி கடைசியில்தான். பிரஷ்ஷை நிமிர்த்தி ஒரு திருகு திருகினால் சதுரப் புள்ளி நிற்கும்.

முன்ஷி ஒரு நாள் தன் அப்பாவின் பழைய கணக்கு நோட்டைக் காட்டினார். அதில் இருந்த எழுத்து அரபியும் இல்லை, நாகரியும் இல்லை. குச்சி குச்சியாக, உயிர்க்குறி எதுவும் இல்லாமல் ஓடியது. வியாபாரிகள் தங்களுக்குள் வைத்திருந்த எழுத்து என்றார். 1843இல் வெள்ளைக்காரன் சிந்துவைப் பிடித்து, பிறகு பம்பாய் மாகாணத்தோடு சேர்த்துக்கொண்டான். கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே எழுத்து வேண்டும் என்று 1853இல் அரபு வழி எழுத்தை முடிவு செய்தான். இந்து வியாபாரி பிள்ளையும் உத்தியோகத்துக்காக அதையே படித்தது. மூன்று தலைமுறையில் அது அவர்கள் சொந்த எழுத்தாகிவிட்டது. அப்புறம் நாடு துண்டாகி இங்கே வந்து இறங்கினால், "இது முஸ்லிம் எழுத்து, இனி தேவநாகரியில் எழுதுங்கள்" என்று ஒரு கூட்டம் சொன்னது. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மல்லுக்கு நின்றார்கள். அரசு முதலில் நாகரி என்றது, பிறகு இரண்டும் சரி என்றது. 1967 ஏப்ரல் 10 அன்று சிந்தி எட்டாவது அட்டவணையில் ஏறியது. தேசிய கீதத்தில் பெயர் இருக்கிறது, அட்டவணையில் மொழி இருக்கிறது, கால் ஊன்ற ஒரு மாநிலம் இல்லை.

நாகரியில் சிந்தி எழுதும்போது மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லும் நான்கு ஒலிகளுக்கு எழுத்தின் அடியில் ஒரு கோடு போட வேண்டும். பெயின்டர்கள் பாதிப் பேர் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கோடு விட்டுப்போனதற்காக ஒரு கிழவி என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டாள். "எங்கள் ஊரும் போயிற்று, இந்தக் கோடும் போக வேண்டுமா?" என்று கேட்டாள். ஏணியில் திரும்ப ஏறிக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

அவசரநிலைக் காலத்தில் எழுத்தே வேண்டாம் என்றாகிவிட்டது. சுவர் சுவராகக் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். ஒரு நாளைக்கு நாற்பது போட்டிருக்கிறேன். அந்தக் கூலியில்தான் கல்யாணம் பண்ணினேன். அந்த முக்கோணத்தின் பெயரால் யாரையெல்லாம் வண்டியில் அள்ளிப்போனார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்தக் காசை நினைத்து மனசு கூசியது.

மராத்திக்கு வருகிறேன். மாஸ்டர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். இந்தி ‘ல’வுக்கு வலப்பக்கம் நிமிர்ந்த தண்டு ஒன்று உண்டு. மராத்தி ‘ல’ தண்டு இல்லாமல் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும். அதுபோக மராத்தியில் ‘ள’ இருக்கிறது, இந்தியில் கிடையாது. படுக்கப்போட்ட எட்டைப் போல எழுதுவார்கள். வடக்கேயிருந்து வந்த பெயின்டர்கள் பள்ளிக்கூடத்தை ‘ஷாலா’ என்றும், திலகரை ‘திலக்’ என்றும், தேங்காய்க் கடையை ‘நாரல்’ என்றும் எழுதிவைத்து ஏச்சு வாங்குவார்கள். மராத்திக்காரனுக்கு ஷாளா, டிளக், நாரள். மாஸ்டர் என் தலையில் தட்டிச் சொல்வார்: "உன் பாஷையிலும் ள இருக்கிறது. இந்திக்காரனுக்குக் காது கேட்காது. உனக்குக் கேட்கும்." மதராசிகளைத் துரத்த வேண்டும் என்று பத்திரிகை வாசித்த அதே வாய்! அவருக்கு எங்கள்மேல் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உல்லாஸ்நகரில் எனக்கு மராத்தி வேலை குவிந்தது அந்த ஓர் எழுத்தால்தான். தமிழன் எழுதினால் ள தப்பாது என்று பெயர்.

1980களில் சிவசேனைக்கு எதிரி மாறியது. மதராசி போய் முஸ்லிம் வந்தான். தாராவியில் எங்கள் பையன்களே ஷாகா என்னும் சேனைக் கிளை திறந்து காவிக்கொடி கட்டினார்கள். அந்தப் போர்டுக்குப் புலியும் நானே வரைந்தேன். இன்னொரு பக்கம் நீலம். கேம்ப்புகளுக்கு ஓரமாக இருந்த வஸ்திகளில் அம்பேத்கர் படம் கேட்டு வருவார்கள். கோட்டு நீலமாக இருக்க வேண்டும், கையில் புத்தகம் இருக்க வேண்டும், கண்ணாடி கோணக் கூடாது. மராட்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி 1978இல் மூண்ட போராட்டம், எத்தனையோ குடிசைகளும் உயிர்களும் எரிந்த பிறகு, 1994இல்தான் முடிந்தது. அதுவும் ஒரு போர்டுதான். அந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் பதினோரு படம் வரைந்தேன். எதற்கும் கூலி பேசவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று எனக்குத் தெரியுமே.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் இந்து-முஸ்லிம் கலவரம். தாராவியில் எனக்கு நெடுநாள் பழக்கமான தையல்காரர் ஒருவர், பிப்ரவரியில் ஆள் அனுப்பினார். கடை பாதி எரிந்திருந்தது. போர்டில் அவர் அப்பா பெயர், உருதுவில். "பெயரை எடுத்துவிடு பாய், ஸ்டார் என்று எழுது. இங்கிலீஷில் எழுது" என்றார். "ஏன் இங்கிலீஷில்?" என்றேன். "அதில் எழுதினால்தான் நான் யார் என்று தெரியாது" என்றார். அவர் அப்பா பெயரை நான் சுரண்டவில்லை. இரண்டு கோட்டு பிரைமர் அடித்து, மேலே ஸ்டார் எழுதினேன்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை நான் எழுதிய போர்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மெஸ்காரர் தமிழை எடுத்தார். கீழே இருந்த இங்கிலீஷை எடுக்கச் சொல்லவில்லை. சிந்திக் கடைகளில் அரபு எழுத்துப் போய் நாகரி வந்தது, நாகரியில் சிந்தி போய் இந்தி வந்தது. இங்கிலீஷ் இருந்த இடத்திலேயே இருந்தது. சாதிப் பெயர் வெளியே தெரியாமல் கடை வைக்க நினைத்த எங்கள் தெருப் பையன்களும் இங்கிலீஷில்தான் பெயர் வைத்தார்கள். மூலதனம் இல்லாத அகதிகள் எதையும் செய்து பிழைத்த ஊர் உல்லாஸ்நகர். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அச்சடித்துவிட்டு உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விளக்கம் சொன்னதாக ஒரு பேச்சு நாடு முழுக்க உண்டு. அதிலும் அந்த எழுத்துத்தான். ஒருவன் எழுத்தை இன்னொருவன் அழித்துக்கொண்டிருந்த இத்தனை வருஷத்தில், நாங்கள் யாருமே தொடாத எழுத்து துரத்திவிட்டதாக நாங்கள் சொல்லிக்கொண்ட வெள்ளைக்காரனுடையது. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. என் மகள் தமிழ் பேசுவாள். வாசிக்கத் தெரியாது. நான் எழுதும் தமிழ் அவளுக்குக் கோலம்.

1995இல் பம்பாய் மும்பை ஆனது. மறுவருஷம் மெட்ராஸ் சென்னை ஆனது. எங்களுக்கு நல்ல வேலை. அதுதான் கடைசி நல்ல வேலை. அடுத்த பத்து வருஷத்தில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. மிஷினில் அடிக்கிற பையனுக்கு எந்த எழுத்தும் தெரிய வேண்டாம். ‘ள’ வர வேண்டிய இடத்தில் என்ன வந்தாலும் அடித்துக் கொடுத்துவிடுவான்.

2008இல் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா மராத்தி இல்லாத போர்டுகளுக்குக் கறுப்படித்தபோது கொஞ்ச நாள் ஆள் தேடி வந்தார்கள். 2022இல் சட்டம் இன்னும் இறுகியது. பத்து ஆளுக்குக் குறைவான சின்னக் கடைக்கும் மராத்தி கட்டாயம். வேறு எந்த எழுத்தையும்விட மராத்தி சிறிதாக இருக்கக் கூடாது. வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைத்தது. நவம்பரில் ஃப்ளெக்ஸ் கடைகளில் வரிசை. எழுபது வயதில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டர்கள் நின்றன. மராத்தியைப் பெரிதாக எழுதச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. ஊர் அவர்களுடையது, மாஸ்டருடையது. ஒவ்வொரு ‘ள’வையும் அவரை நினைத்துத்தான் போட்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், 1974இல் எனக்கு முதல் வேலை கொடுத்த ஷிகார்ப்பூர்க்காரரின் மகன். அவருக்கே அறுபத்தைந்து. வெளிப்போர்டை மராத்தியில் முடித்துக் கூலி வாங்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, உள்ளே, கல்லாவுக்கு மேலே, அப்பா பெயரைப் பழைய எழுத்தில் எழுத முடியுமா? ஒரு கை அகலம் போதும்." அவர் பத்தாவது வரை சிந்திப் பள்ளியில் படித்தவர், ஆனாலும் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னபோது இரண்டாவது எழுத்தில் திணறினார். முன்ஷி போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. சிலேட்டை நினைவில் கொண்டுவந்தேன். ‘ப’வோடு மூச்சு சேர்ந்த எழுத்து முதலில், கீழே நான்கு புள்ளி. அதற்கடுத்ததற்குக் கீழே இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக.

சாக்பீஸ் தடவிய நூலை அடித்துக் கோடு எடுத்தேன். அணில் மயிர் பிரஷ், கறுப்பு எனாமல். குச்சியை இடப்பக்கம் ஊன்றினேன். கை நடுங்கும் வயதுதான். ஆனாலும் வலமிருந்து இழுக்கும்போது நடுங்கவில்லை. கல்லாவில் இருந்த பேரன் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். புள்ளி வைத்து முடிக்கும்வரை பேசவில்லை.

"அங்கிள், இதை எந்தப் பக்கமிருந்து படிக்கணும்?" என்று இந்தியில் கேட்டான்.

வலப்பக்கத்திலிருந்து விரலைக் காற்றில் நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக அவன் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிக் காட்டினேன். அவனும் விரலை நீட்டினான். "பெயின்ட் காயலை, தொடாதே" என்றேன்.